போகாத விருந்தாளி

பிரெஞ்சு நாடகம் பார்க்கப் போகிறோம் என்று மருமகள் சொன்னதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மருமகள் என்றால் என் அண்ணனின் ஒரே மகள். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள்.

"எனக்கு இந்த ஊர் நொர்ஸ்க்கே விளங்காது. அதுக்குள்ள பிரெஞ்சோ? உனக்கென்ன விசரோ?" என்றேன்.

"அதுதான் நல்லது மாமி. பிரெஞ்சு அப்பாவுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருத்தரும் விளங்கினமாதிரி நடிக்கத் தேவையில்லை. அப்பாவை வெளியில கூட்டிக்கொண்டு போகச் சொல்லி டாக்சென்டரிலயும் சொல்லுகினம்."

டாக்சென்டர் என்பது மறதி வந்தவர்களைப் பகலில் வைத்துப் பராமரிக்கும் இடம். வாரத்தில் மூன்று நாள் வான் வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு போகும். மற்ற நாட்களில் வெஸ்ட்லி மாடிவீட்டில் நானும் அவரும்தான். சுரங்க ரயிலின் கடைசி நிறுத்தம் அது, அதற்கப்பால் காடு.

யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் அண்ணனைப் பார்க்கத்தான் வந்திருந்தேன். நாடகத்துக்குப் போன அன்று எனக்கு மிச்சம் பதினொரு நாள். அதுவரைக்கும் அவர் என்னை ஒரு தடவைகூட அடையாளம் காணவில்லை. கொம்யூன், அதாவது நகரசபை, வேலைக்கு அனுப்பிய மனுசி என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒருக்கால், ஒரேயொருக்கால், என்னைத் தெரிந்துகொள்ள மாட்டாரா என்று விடிந்தால் பொழுதுபட்டால் இதே ஏக்கம் எனக்கு.

அவர் நொர்ஸ்க்கில் வெளுத்து வாங்கிய மனுசன். புதிதாக வந்த எங்கள் ஆட்களுக்கு ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் அவர்தான் வாய். அந்த மொழி முழுக்கப் போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "தக்". நன்றி என்று அர்த்தம். நான் தேத்தண்ணி கொடுத்தால் "தக்". சோறு போட்டால் "தக்". எங்கள் வீட்டில் எந்த அண்ணன் தங்கச்சிக்கு நன்றி சொல்லியிருக்கிறான்? "உதென்ன தேத்தண்ணியோ, கழுநீரோ?" என்று ஏசின வாய் அது. ஒருநாள் வேண்டுமென்றே சீனி போடாமல் கொடுத்தேன், ஏசட்டும் என்று. முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடித்துவிட்டு "தக்" என்றார். குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

பின்னேரங்கள்தான் பெரும்பாடு. குளிர்காலத்தில் அங்கே மூன்றரைக்கே இருட்டிவிடும். இருட்டினதும் அண்ணன் கோட்டைப் போட்டு, தொப்பியை வைத்து, கதவடியில் வந்து நிற்பார். "சரி, நேரம் போட்டுது. நான் வெளிக்கிடப்போறன்" என்பார். தன்னுடைய வீட்டிலிருந்து! நான் கோட்டைக் கழற்றி இருத்துவேன். பத்து நிமிடத்தில் திரும்பவும் கோட்டோடு நிற்பார். எங்கே போகிறீர்கள், நான் யார் என்றெல்லாம் கேட்கக்கூடாது, மறித்துப் பேசக்கூடாது, கதையை மாற்ற வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். நானும் மாற்றிக்கொண்டே இருந்தேன். எத்தனை கதைதான் மாற்றுவது?

நாடகம் ஞாயிறு பகல் இரண்டு மணிக்கு. வாசலில் எல்லோரும் கோட்டைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். அண்ணன் மாட்டேன் என்று பிடித்த பிடி. கடைசியில் மடியில் வைத்துக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டார்கள். வரிசையின் நட்டநடுவில் எங்களுக்கு இடம். மேடைக்கு மேலே நொர்ஸ்க்கில் எழுத்து ஓட, மருமகள் அதை வாசித்து என் காதில் தமிழில் சொன்னாள். பிரான்சில் எங்கள் அப்பா அம்மா காலத்தில் எழுதின நாடகமாம், பெரிய பேராம்.

மேடையில் ஒரு மேசை, மூன்று பீங்கான் தட்டு, ஒரு கதவு. ஒரு புருசனும் பெண்சாதியும். அவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவன் எழும்பி, கோட்டைப் போட்டு, தொப்பியை வைத்து, கதவடிக்குப் போய், "நேரமாகிவிட்டது, நான் புறப்படுகிறேன்" என்கிறான். பிறகு திரும்பி வந்து கோட்டைக் கழற்றிவிட்டு இருக்கிறான். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் எழும்புகிறான். அவ்வளவுதான் நாடகம்.

நான் திரும்பி அண்ணனின் மடியில் கிடந்த கோட்டைப் பார்த்தேன். மருமகள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

"ஐயோ மாமி, சத்தியமா எனக்குத் தெரியாது," என்றாள் பிறகு. "ரிக்கற் வேலையிடத்தில சும்மா தந்தவை."

இரண்டாம் முறை அவன் எழும்பியபோது சபை சிரித்தது. மூன்றாம் முறை இன்னும் பலமாக. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண் தோள் குலுங்கச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதில் சிரிக்க என்ன கிடக்கு? ஒரு கிழமை வெஸ்ட்லிக்கு வந்து எங்களோடு இருந்து பார், அப்போது சிரி பார்ப்போம்! அண்ணனை இழுத்துக்கொண்டு எழும்பிப் போகலாம் என்றால் இரண்டு பக்கமும் முழங்கால்கள். எத்தனை பேரை மிதித்துக்கொண்டு போவது?

அண்ணன் மட்டும் கண்வெட்டாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒன்றைக் கூர்ந்து பார்த்ததை நான் வந்த நாள் தொடக்கம் கண்டதில்லை. ஐந்தாம் முறை விருந்தாளி கதவடியில் நின்றான். புருசனும் பெண்சாதியும் ஒரு சொல் பேசவில்லை. போ என்றும் இல்லை, இரு என்றும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. எழும்பிவிட்டார்.

"எங்கை போறியள்?" என்றார், மண்டபம் முழுக்கக் கேட்க, தமிழில். "வீட்டுக்கு வந்த மனுசன் வெறும் வயித்தோட போறதே? வாங்கோ, இருங்கோ. சாப்பிட்டிட்டுப் போகலாம்."

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அண்ணன் என் பக்கம் திரும்பி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"என்னடி பாத்துக்கொண்டிருக்கிறாய்? எழும்பு. ஆளுக்குச் சோத்தைப் போடு!"

என்னடி! எத்தனை வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். மகளை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அது எனக்கு மட்டும் உரிய ஏச்சு.

"ஓம் அண்ணை, போடுறன்," என்றேன் நானும் சத்தமாக. வெட்கமாவது, ஒன்றாவது!

மேடையில் நின்ற நடிகன் எங்களையே பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, அண்ணனுக்குத் தலையைத் தாழ்த்திக் காட்டிவிட்டு, மேசையடியில் வந்து இருந்தான். சபை கைதட்டியது. அதுவும் நாடகம் என்று நினைத்தார்களாக்கும். அண்ணன் திருப்தியோடு உட்கார்ந்து, கடைசி வரைக்கும் அசையவில்லை.

வெளியே கோட்டுகளைத் திரும்ப வாங்கும் இடத்தில் என்னால் அடக்க முடியவில்லை. கேட்கக்கூடாது என்று சொன்னதைக் கேட்டுவிட்டேன்.

"அண்ணை, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்?"

அவர் என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். தெரியாத கணக்கைக் கரும்பலகையில் செய்யச் சொன்ன பிள்ளையின் முகம் அவருக்கு.

"குறை நினைக்காதேங்கோ," என்றார். "எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

குனிந்து அவருடைய கோட்டுக்குப் பொத்தான் பூட்டிவிட்டேன். "தக்," என்றார். என் முட்டாள்தனத்துக்கு என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

பதினொரு நாளும் ஓடிவிட்டன. புறப்படும் நாள் பின்னேரம் மருமகள் காரை எடுக்கக் கீழே போயிருந்தாள். அண்ணனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு மனுசி வருவதாக ஏற்பாடு. வெளியே இருட்டு. நான் கோட்டும் சூட்கேசுமாக நிற்க, அவரும் வழமைபோலக் கோட்டும் தொப்பியுமாகக் கதவடியில் வந்து நின்றார்.

"சரி, நேரம் போட்டுது. நான் வெளிக்கிடப்போறன்."

போகிறவளுக்கு இனி டொக்டரின் சட்டம் என்ன?

"எங்கை அண்ணை வெளிக்கிடுறியள்?" என்று கேட்டேன்.

"எயர்போட்டுக்கு," என்றார், பட்டென்று. "தங்கச்சி ஊரிலயிருந்து வாறாள். பாசை தெரியாதவள், தனிய நிண்டு முழிசுவாள். ஒவ்வொரு நாளும் போகத்தான் பாக்கிறன். இஞ்சை ஒரு மனுசி என்ரை கோட்டைக் கழட்டிக் கழட்டி வைக்கிறா."

ஐயோ! எண்பது நாளுக்கு மேலாக அந்தக் கோட்டைக் கழற்றினவள் நான்தான். என்னைக் கூட்டிவரப் புறப்பட்ட மனுசனை ஒவ்வொரு நாளும் மறித்து இருத்தினவள் நான்.

"அண்ணை, நான் வந்திட்டன். இஞ்சை பாருங்கோ, நான்தான்," என்றேன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. அவர் மரியாதையாகக் கையை விடுவித்துக்கொண்டு கதவைப் பார்த்தார்.

அன்றைக்கு நான் கோட்டைக் கழற்றவில்லை. பக்கத்து வீட்டு மனுசியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரையும் காரில் ஏற்றினோம். வழியெல்லாம் நல்ல சந்தோசமாக இருந்தார். விமான நிலையத்தில் புறப்படுகிறவர்களின் மாடிக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். ஆட்கள் வெளியே வரும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருமகள் பக்கத்தில் நின்றாள், கண்ணைத் துடைத்தபடி.

"அண்ணை, போட்டுவாறன்," என்றேன் அவருக்குப் பின்னால் நின்று.

சட்டென்று திரும்பினார். "கூட்டிக்கொண்டு வந்ததுக்கு தக்," என்றார். பிறகு கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த இடத்திலிருந்து அவரை எப்படி வீட்டுக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனாய் என்று மருமகளிடம் நான் இன்னும் கேட்கவில்லை.