உன் இஷ்டம்மா

ஜெபகுமார் சாரோடு வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறேன். எல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான். எங்கள் ஆபீஸில் எழுதுவது ஹைப்பர்வைசர். ஒரு பெரிய கம்ப்யூட்டரைப் பல சின்னக் கம்ப்யூட்டர்களாகப் பங்குபோட்டு நடத்தும் அடித்தள மென்பொருள். எந்தப் பங்குக்கு எவ்வளவு கொடுப்பது, எதை எப்போது நிறுத்துவது என்று அதுவே முடிவு செய்யலாமா, மேலே ஓடும் சாதாரண புரோகிராம்களிடம் விட்டுவிடலாமா? அதுதான் சண்டை.

"மேல தப்பு நடந்தா ஒண்ணு விழும் பென்னி. கீழ நடந்தா மொத்தமும் விழும். கீழ இருக்கறவன் கேட்டதைக் குடுத்துட்டு சும்மா இருக்கணும்" என்பார்.

"மேல இருக்கறது பேச்சு மூச்சில்லாம கிடந்தா? அப்பவும் சும்மாவா?" என்பேன்.

"முடிவு மேலயே இருக்கட்டும்."

ஆபீஸுக்கு ஒரு கொள்கை, வீட்டுக்கு ஒரு கொள்கை என்று வாழத் தெரியாத பிடிவாதக்காரர். சிட்லபாக்கம் வீட்டில் மகள் ஜெனியை வளர்த்ததும் இப்படித்தான். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாமே அவள் முடிவு. மனைவி ஷீலா அக்கா இருந்தவரை நடுவில் புகுந்து திட்டவாவது ஓர் ஆள் இருந்தது. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் பெருங்களத்தூர் பிளாட்பாரத்தில் நின்றிருந்தோம். கோயம்புத்தூரிலிருந்து ஜெனி கூப்பிட்டாள். அப்போது முழுகாமல் இருந்தாள். ரயில் சத்தத்தில் கேட்காமல் சார் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, வேலைக்கும் போயிட்டு வீட்டையும் பார்க்க முடியலப்பா. இப்பவே அங்க வந்துடட்டுமா?"

"உன் இஷ்டம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டார் போய் அழைத்து வருவதுதானே வழக்கம்? 'உன் இஷ்டம்' என்று எந்த அப்பா சொன்னாலும், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றுதானே ஊரில் அர்த்தம்?

"சார், வான்னு சொல்லுங்க" என்றேன்.

"அவ முடிவு பென்னி. நாம தலையிடக் கூடாது."

ஜெனி வரவில்லை. அடுத்த மாதமே குழந்தை வயிற்றில் இறந்துவிட்டது. இங்கே வந்திருந்தால் பிழைத்திருக்குமா, யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிக்கு ஓடிய அவரிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீங்க எப்பவும் சொல்றதுதாம்பா. ஆனா அன்னிக்கு வராதேன்னு கேட்டுச்சு."

திரும்பி வந்தவர், மீட்டிங்கில் தானாகவே வாயைத் திறந்தார். "மேல இருந்து பதில் வரலன்னா கீழ இருக்கறது காத்துட்டு நிக்கக் கூடாது. தாங்கிப் பிடிக்கணும். பென்னி சொன்னபடியே எழுதிடலாம்."

சண்டையில் ஜெயித்துவிட்டேன். பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

நேற்று அதே பிளாட்பாரம், அதே ஸ்பீக்கர். "நானே வந்து கூட்டிட்டு வரேம்மா. கொஞ்ச நாள் இங்க இரு" என்றார்.



"உங்க இஷ்டம்பா" என்றாள் ஜெனி.

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வரேங்கறாளா, வேணாங்கறாளா பென்னி?"

எனக்கும் தெரியவில்லை.