எட்வேட் கடையைப் பூட்டிய ஞாயிறு

நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறக்கவே கூடாது என்று எட்வேட் எழுதிய கட்டுரைகளில் பெரும்பாலானவை, தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் உள்ள அவருடைய கடையின் பின்னறையில், ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எழுதப்பட்டன. மடிக்கணினி அரிசி மூட்டைகளின் மேல் இருக்கும். முன்னால் கல்லாவில் மகள் பெனிற்றா நிற்பாள். ‘வாரத்தில் ஒரு நாளாவது மனிதன் தராசிடமிருந்து விடுதலை பெற வேண்டும்’ என்ற வரியை அவர் ரசித்து எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் தராசில் ஒரு விளைமீனை வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“அப்பா, மீன் வெட்ட ஆளில்லை. வாறியளோ, இல்லாட்டி முழுசாக் குடுத்து விடட்டோ?”

“பொறு பிள்ளை. ஒரு வசனம் கிடக்கு.”

“வசனத்தை முடிச்சிட்டு வாங்கோ. பிறகு கையைக் கழுவிப்போட்டு எழுதுங்கோ. போனமுறை கீபோர்ட் மணத்தது.”

எட்வேட் மன்னாரில் பிறந்தவர். எண்பதுகளின் கடைசியில், அந்தக் காலத்து இளைஞர்கள் பலரைப் போலப் படிக்க என்று விசா எடுத்து நோர்வேக்குப் போய், வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் மீன்களின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு நின்றார். மொழியை அந்த ஊர்ப் பாதிரியாரிடமும், தொழிற்சாலை ஓய்வறையில் கிடந்த பழைய பத்திரிகைகளிலும் கற்றார். அதனால் அவருடைய நோர்வேஜிய மொழியில் பாதி வேதாகமமும் பாதி தலையங்கமும் இருந்தன. இந்த இரண்டும் சேர்ந்த மனிதன் கருத்துரையாளர் ஆகாமல் வேறென்ன ஆவான்? ஞாயிறு கடை திறப்பதை எதிர்த்து ஒரு கிறிஸ்தவப் பத்திரிகைக்கு எழுதிப்போட்டார். பத்திரிகை அதைப் படத்தோடு வெளியிட்டது.

படம் முக்கியம். அதுவரை அந்த வாதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வெள்ளைத் தலையும் வெள்ளைத் தோலுமாக இருந்தார்கள். பழமைவாதிகள் என்ற ஒரு சொல்லால் அவர்களைப் படுக்கவைத்துவிடலாம். எட்வேட்டைத் திட்ட வாயெடுத்த முற்போக்காளர்கள் படத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அதை அவர் தன் வாதத்தின் வலிமை என்று எடுத்துக்கொண்டார். பள்ளிப் பிள்ளைகளைக் கிறிஸ்து பிறப்புப் பெருநாளான நத்தாருக்கு முன் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகலாமா என்ற சண்டை அந்த நாட்டில் வருடாவருடம் வரும். வந்ததும் எட்வேட்டின் தொலைபேசி அடிக்கும். நத்தார் மரத்தைப் பரணிலிருந்து இறக்கும்போது அவரையும் சேர்த்து இறக்கினார்கள். நத்தார் முடிந்ததும் மரத்தோடு அவரும் பரணுக்குத் திரும்பினார்.

மகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று குடும்பம் லண்டனுக்கு வந்த பிறகு மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை. ‘லண்டனில் வாழும் கிறிஸ்தவச் சமூக விமர்சகர்’ என்று பெயருக்குக் கீழே போட்டார்கள். மிச்சம் ஊரிலோ அவர் மீன்கடை எட்வேட். தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் வாசிக்கக்கூட அவரை யாரும் கேட்டதில்லை. தேவாலயப் பங்குக் கூட்டத்தில் எழுந்து “மேற்குலகத்தின்ர ஆன்மீக நெருக்கடி” என்று அவர் தொடங்கினால், கூட்டம் தேநீர் குடிக்க எழும்பிவிடும். அவர் சொல்வதைக் கேட்க உலகத்தில் ஒரு நாடுதான் இருந்தது. அதுவும் கைவிட்டால் மிஞ்சுவது மீன்.

ஞாயிறு வியாபாரத்தைப் பற்றிப் பெனிற்றா கேட்காமல் இல்லை. “சீசருக்கு உரியதைச் சீசருக்குக் குடுக்கச் சொல்லித்தானே கிடக்கு. இஞ்சத்தைச் சட்டம் வேறை” என்பார் எட்வேட். சீசர் எத்தனை மணிக்குக் கடை திறக்கச் சொன்னார் என்று அவள் கேட்பாள். அவர் மீன் வெட்டப் போய்விடுவார்.

இப்படி எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான், நோர்வேயின் தென்மேற்கில் இருந்து ஒளிபரப்பும் ஒரு சின்னக் கிறிஸ்தவத் தொலைக்காட்சியிலிருந்து சிக்னே என்ற பெண் அழைத்தாள். ஞாயிறு கடை திறப்புப் பற்றி மறுபடி விவாதம் சூடாகியிருந்தது. எட்வேட்டின் வீட்டுக்கு வந்து, அவருடைய குடும்பம் ஓய்வுநாளை எப்படி அனுசரிக்கிறது என்று படம்பிடிக்க விரும்பினார்கள். அவர் தன் மிகச் சிறந்த வேதாகம நோர்வேஜிய மொழியில் சம்மதம் சொன்னார். தொலைபேசியை வைத்த பிறகுதான், தன் வீடு கடைக்கு மேல்மாடியில் இருப்பது நினைவுக்கு வந்தது.

“அப்ப அண்டைக்குக் கடை பூட்டே?” என்றாள் மனைவி அஞ்சலீனா. நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும்கூடத் திறந்திருந்த கடை அது.

“ஒரு நாள்தானே அஞ்சலீனா. நோர்வேச் சனத்துக்கு முன்னாலை நான் பொய்யனாக ஏலாது.”

“அதுக்காக ஒரு நாள் மட்டும் பொய் சொல்லப் போறியள்” என்றாள் பெனிற்றா. அவள் அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவள். தத்துவம் படித்ததற்கு அதுவரை கிடைத்த பயன் இவ்வளவுதான்.

கதவில் என்ன எழுதி ஒட்டுவது என்பது பெரிய சிக்கலாக இருந்தது. ‘இன்று ஆண்டவருடைய நாள்’ என்று எழுதினால், மற்ற ஞாயிறுகள் ஆருடைய நாள் என்று ஊர் கேட்கும். காரணம் எழுதாமல் ‘இன்று கடை பூட்டு’ என்று மட்டும் எழுதி ஒட்டினார். தமிழ்ப் பூசைக்குப் போனால் யாராவது வாயைத் திறந்து கடையைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள் என்று, படப்பிடிப்புக்காரரை அழைத்துக்கொண்டு காலை ஆங்கிலப் பூசைக்குப் போய்வந்தார். இடையூறு வேண்டாம் என்று சிக்னே கேட்டதால் எல்லாருடைய தொலைபேசிகளையும் அணைத்து வைத்தார்கள். எட்வேட் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். தன்னுடைய சனத்தைத்தான் யோசிக்கவில்லை.

தமிழ்க்கடை ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிக் கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடன்காரனுக்குப் பூட்டாத கடை, காய்ச்சலுக்குப் பூட்டாத கடை, சாவுக்குத்தான் பூட்டும். தொலைபேசியும் வேலை செய்யவில்லை என்றால் சந்தேகமே இல்லை. தமிழ்ப் பூசை முடிவதற்குள் பங்கின் வாட்ஸ்அப் குழு முழுக்கக் கைகூப்பிய படங்களாகிவிட்டது. செத்தது யார் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

எட்வேட் மேல்மாடியில் வேதாகமத்தை மடியில் விரித்து வைத்து, கமராவுக்கு அமைதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வெள்ளைச் சேலையில் தவநாயகி நின்றாள். பக்கத்துத் தெருக்காரி, சைவக்காரி, கடையின் நித்திய வாடிக்கை. அவளுக்குப் பின்னால் பெரிய தேநீர்ப் போத்தலோடு புருசன் பாலேந்திரா. தவநாயகி உள்ளே வந்ததும் வராததுமாக அஞ்சலீனாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஊரிலிருந்து ஏதோ செய்தி வந்திருக்கிறது, தன் தொலைபேசி அணைந்திருந்ததால் தனக்கு முன்பே இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்து அஞ்சலீனாவும் அழத் தொடங்கினாள்.

“ஆரெண்டு சொல்லுங்கோ அக்கா, என்ர தம்பியோ?”

“என்னைக் கேக்கிறியே? நீயல்லோ பிள்ளை சொல்லோணும்.”

செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. எனவே ஏணிப்படி முழுக்கச் சனம் சட்டியும் தட்டுமாக ஏறி வந்தது. மரக்கறிச் சோறு வந்தது. பாணும் சம்பலும் வந்தன. துஷ்யா என்ற பாடகர்குழுப் பெண் செபமாலையைத் தொடங்கிவிட்டாள். அழுகையும் செபமும் சோற்று மணமும் சேர்ந்து சின்ன வீட்டை நிரப்பின. சிக்னேயின் கண்கள் கலங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமையில் அயலவர்கள் உணவோடு கூடிச் செபிக்கிறார்கள்; நோர்வே தொலைத்தது இதைத்தான் என்று படப்பிடிப்பாளனிடம் கிசுகிசுத்தாள். கமரா ஒரு சட்டியையும் விடவில்லை.

“அண்ணை, பிரேதம் எங்கை?” என்று பாலேந்திரா மெதுவாகக் கேட்டார்.

“ஒருத்தரும் சாகேல்லை, பாலேந்திரா.”

“பிறகேன் கடை பூட்டு?”

“ஞாயிற்றுக்கிழமை.”

பாலேந்திரா தேநீர்ப் போத்தலைக் கீழே வைத்தார். “ஓம், அது எனக்கும் தெரியும். ஏன் பூட்டு?”

செய்தி ஏணிப்படி வழியே கீழே இறங்கியது. அழுகை நின்றது, சிலர் சிரித்தார்கள், சிலர் வெள்ளை உடுப்பை வீணாக்கியதற்கு முறைத்தார்கள். ஆனால் ஒருவரும் போகவில்லை. கொண்டுவந்த சோறு ஆறிவிடுமே. தட்டுகள் கைமாறின. ஏணிப்படியில் பெனிற்றா ஒரு தட்டை மடியில் வைத்து, துஷ்யாவின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். எட்வேட் அதைக் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமையில் மகள் உட்கார்ந்திருந்ததை அவர் எப்போது கடைசியாகக் கண்டார்?

சிக்னே ஒலிவாங்கியை நீட்டினாள். ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் வீடு இப்படித்தானா, என்றாள்.

ஓம் என்ற ஒரு சொல் போதும். அந்த நாடு அவருக்கு என்றென்றும் சொந்தம். எட்வேட் வாயைத் திறந்தார். பாதி வேதாகமமும் பாதி தலையங்கமும் அந்த நேரம் பார்த்து எங்கோ போய்விட்டன. மீன் வெட்டும்போது பேசிய தொழிற்சாலை மொழி மட்டும் வந்தது. இல்லை, என்றார். ஒவ்வொரு ஞாயிறும் கடை திறக்கிறேன். என் மகள் கல்லாவில் நிற்கிறாள். நான் பின்னால் இருந்து உங்களுக்கு எழுதுகிறேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் இவர்கள் வந்தார்கள்.

சிக்னே ஒலிவாங்கியைத் தாழ்த்தினாள். நேயர்கள் குழம்பிவிடுவார்கள், இன்னொருமுறை சுருக்கமாகச் சொல்ல முடியுமா, என்று கனிவாகக் கேட்டாள். அவர் இன்னொருமுறை சொன்னார். சுருக்கமாக, அதையே.

இனி நோர்வே இல்லை என்று எட்வேட் முடிவுகட்டியிருந்தார். நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். செபமாலை இருந்தது. தவநாயகியின் கண்ணீர் இருந்தது. ‘ஆழ்ந்த பக்தி’ என்று கீழே எழுத்து ஓடியது. அவருடைய உண்மை மட்டும் இல்லை. ஏணிப்படியில் பெனிற்றா சிரிக்கும் காட்சிக்கு மேல், அமைதியைப் பற்றி அவர் காலையில் சொன்னது ஒலித்தது. அன்றைக்கே பத்திரிகை ஆசிரியர் அழைத்து, மாதாமாதம் எழுத முடியுமா என்று கேட்டார். முப்பது வருட விவாதத்தில் எட்வேட் சொன்ன ஒரே புதிய கருத்தை அவரைக் கொண்டாடிய ஆட்களே வெட்டி எறிந்திருந்தார்கள். அவருக்குக் கோபம் வந்ததா, நிம்மதி வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. எழுதுகிறேன் என்றார்.

அடுத்த ஞாயிறு கடை வழக்கம்போலத் திறந்தது. கல்லாவில் எட்வேட் நின்றார். மடிக்கணினி பின்னறையில் மூடிக் கிடந்தது.

“எங்கையண்ணை பிள்ளை?” என்று கேட்டார் பாலேந்திரா.

“அவளுக்கு இனி ஞாயிறு லீவு.”

“பூசைக்குப் போயிட்டாளோ?”

எட்வேட் விளைமீனை வைத்துத் தராசு முள்ளைப் பார்த்தார். மேல்மாடியில், அந்த வீட்டில் முதன்முதலாக ஓய்வுநாள் கிடைத்தவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பூசை தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது.

“வெட்டியே தாறது, முழுசாவோ?” என்றார்.