தட்டுல வச்ச ரெண்டு சாவி

மலையகத்துல வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துல நான் டீச்சர். தொழிலாளிங்க லயத்து வரிசையில வீட்டுக்கு ஒரே அறை, ஒரே காம்பரா; அதுல ஆறு பேர் இருக்காங்க. அந்த வீட்டுப் புள்ள எங்க உக்காந்து படிக்கும்? அதுக்குத்தான் எல்லா வகுப்பும் சேர்ந்து படிக்க ஒரு கூடம் கட்டணும், சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அது தெறந்திருக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்.

எங்க பள்ளிக்கூடத்து அதிபர் நான் பொறந்த லயத்துக்காரர்தான். ஆளுங்க முன்னாடி 'சேர்'னு கூப்பிடுவேன், தனியா இருந்தா 'அண்ணே'. ஆபீஸ் தரையில ரெண்டு பேரும் சோக்கால வரைஞ்சோம். சுவருக்குப் பதிலா தள்ளுற தடுப்பு, சக்கரம் வச்ச மேசை, சின்னதுங்க கைக்கும் எட்டுற புத்தக அலுமாரி. "ஆறு மணி வரைக்கும் தெறந்திருக்கும் தங்கச்சி, என் புள்ளைங்க மேல சத்தியம்"னாரு.

சாமான் கொழும்புல ஒருத்தர் குடுத்தாரு. வேலை எங்களோடது. ஞாயித்துக்கிழமைக்கு ஒரு லயம்னு முறை வச்சு, கூலியில்லாம சிரமதானம். பள்ளிக்கூடம் மேட்டுல, லொறி ஏறாது. ஆறு நாள் கொழுந்து பறிச்ச பொம்பளைங்க ஏழாவது நாள் மணல் சுமந்து படியேறினாங்க. பத்தாம் வகுப்புப் புள்ள ஒண்ணு முறை இல்லாத ஞாயிறும் அம்மாவோட வந்துரும். பூசாத சுவர்ல ஜன்னலோரம் நின்னுக்கிட்டு, "டீச்சர், இது என் எடம், யாருக்கும் குடுத்துராதீங்க"ன்னுச்சு. "குடுக்க மாட்டேன்டி"ன்னேன்.

திறப்பு விழா அன்னிக்கு அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. "பாடுபட்டது நீங்க. வெத்தலத் தட்டுல சாவிய வச்சு நீங்களே என் கையில குடுங்க." எங்க தோட்டத்துல வெத்தலையோட குடுத்ததத் திருப்பிக் கேக்கறதில்ல. அது எனக்குத் தெரியாதா? தெரியும். கொத்து வேலை பாத்த பாஸ் குடுத்தது ரெண்டு சாவி. ஒண்ண எடுத்து வச்சுக்கிட்டா மரியாதை இல்லன்னு ரெண்டையும் தட்டுலயே வச்சேன். மடச்சி! போட்டோ எடுத்தாங்க. அந்தப் புள்ளையோட அம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

திங்கக்கிழமை போனா கதவுல பூட்டு. "கார்ப்பெட் புதுசு, சேறு ஒட்டிரும்"னாரு. அடுத்த வாரம், "அதிகாரிங்க வந்தாக் காட்டணும்ல, டீச்சர்?" தங்கச்சி போயி டீச்சர் வந்துருச்சு. மூணாவது தடவை நான் கத்தியே கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "வெத்தல வச்சுக் குடுத்ததையா கேக்குறீங்க?" தட்ட ஏன் என் கையாலயே குடுக்க வச்சாருன்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. ஒரே பைப்புல தண்ணி புடிச்சு வளந்த மனுஷன்.

போன வாரம் நல்ல மழை. அந்தப் பத்தாம் வகுப்புப் புள்ள இப்ப பதினொண்ணு, ஓ.எல். பொதுப் பரீட்சை நெருங்குது. அந்தப் புள்ள புத்தகப் பையோட வராந்தாவுல நின்னு கண்ணாடி வழியா உள்ள பாத்துக்கிட்டிருந்துச்சு. பக்கத்துல போனேன். மேசைங்க பொலித்தீன் உறை பிரிக்காம நிக்குது. அது பாத்தது மேசைய இல்ல. சுவர்ல பெருசா மாட்டியிருக்குற போட்டோவ. அதுல நான் பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு தட்ட நீட்டுறேன்.

"சாவிய நீங்கதானே டீச்சர் குடுத்தீங்க?"

கோபமாக் கேட்டிருந்தாத் தாங்கியிருப்பேன். "ஆமா"ன்னேன். "சரி டீச்சர்"னுட்டுப் பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, மணல் சுமந்து ஏறின அதே படியில மழையோட எறங்கிப் போச்சு.