இராயப்பரின் சேவல்

எங்கள் வீட்டு வேதாகமத்தில் எனக்குக் கிடைத்த வேடம் சேவல். அதை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை.

கொட்டாஞ்சேனையில் கோயிலுக்குப் பின்னால் இறங்கும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் அப்போது இருந்தோம். தவக்காலம் தொடங்கிவிட்டால், செபமாலை முடிந்த கையோடு அம்மா வேதாகமத்தை விரிப்பார். சோதனை, பாவம், பாவத்துக்காக மனம் வருந்தும் மனஸ்தாபம் போன்ற பெரிய சங்கதிகள் வெறும் வாசிப்பால் பிள்ளைகளின் மண்டையில் ஏறாது என்பது அவரது கட்சி. ஆகவே வாசித்ததை நாங்கள் உடனே நடித்துக் காட்டவேண்டும். முதல் கிழமை ஏதேன் தோட்டம். பாம்பாகிய நான் தரையில் ஊர்ந்து வந்து வாயைத் திறப்பதற்குள் அண்ணா கொய்யாப்பழத்தில் பாதியைத் தின்று முடித்திருந்தான். சோதிக்க முன்னமே விழுந்துவிடுகிறவனுக்குச் சோதனையைப் பற்றி என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டார்.

சீடர் இராயப்பர் தன் ஆண்டவரையே மூன்று தரம் மறுதலித்த கதைதான் எங்களுக்குக் கச்சிதமாக அமைந்தது. நெருப்பண்டை நின்று துருவித் துருவிக் கேட்கும் வேலைக்காரி அம்மா. இராயப்பர் அண்ணா. பிடிபட்டு நிற்கும் ஆண்டவர் அப்பா. துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்துவிட்டுக் களைத்து வந்து பேப்பரோடு சாய்ந்திருக்கும் அவருக்கு வசனமே கிடையாது. அண்ணா மூன்றாம் தரமும் "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்றதும் நான் கூவவேண்டும். கூவல் கேட்டதும் அப்பா பேப்பரை இறக்கி, திரும்பி, அண்ணாவை ஒரு பார்வை பார்க்கவேண்டும். உடனே அண்ணா வெளியே போய் மனங்கசந்து அழவேண்டும். அண்ணாவின் அழுகை படுமோசம். என் கூவல்தான் முழுக் கதையையும் தூக்கி நிறுத்தியது.

எனக்குக் கூவப் பழக்கியவர் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அவர் குருமடத்தில் சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்தார். லீவில் வந்து நிற்கும்போது, தொண்டையை எந்த இடத்தில் இறுக்கி எந்த இடத்தில் விடவேண்டும் என்று குசினி வாசலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லித் தருவார். அம்மாவுக்கு அவரைப் பற்றிய பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவருடைய முதல் பூசைக்கென்று வெள்ளைப் பீடவிரிப்பு ஒன்றில் பூவேலை செய்துகொண்டிருந்தார். ஒழுங்கைப் பெண்கள் அம்மாவை இப்போதே "சாமியாற்ற அக்கா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதைக் கேட்டால் அம்மாவின் முகம் மலர்ந்துபோகும்.

குருப்பட்டம் கிடைக்கிற தறுவாயில் மாமா குருமடத்தை விட்டு வந்துவிட்டார். மட்டக்குளிக் கடற்கரையில் ஒரு மீன் வாடியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்று அப்பா வந்து சொன்னார். பீடவிரிப்பு அலுமாரிக்குள் போயிற்று. அதற்குப் பிறகு மாமாவின் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

அடுத்த தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், சிலுவைப்பாதை எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. ஒவ்வொரு வெள்ளியும் ஒவ்வோர் ஒழுங்கையில் நடக்கும். வீட்டுக்கு வீடு வாசலில் மேசை போட்டு, சிலுவையும் மெழுகுதிரியும் வைத்து, ஒவ்வொரு ஸ்தலமாகச் செபித்துக்கொண்டு போவார்கள். முதலாம் ஸ்தலம் எங்கள் கேற்றடியில். பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அப்பாவும் ஒரு மெழுகுதிரியோடு ஒரு பக்கமாக நின்றார். பங்குச் சுவாமி இன்னும் வந்து சேரவில்லை.

அந்த நேரம் பார்த்து, எதிரே பொதுக் குழாயடியில் மாமா வந்து நின்றார். கையில் புல்லால் இழைத்த ஒரு பன்பை. அதற்குள்ளிருந்து மீன் வால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு சனத்தை எதிர்பார்க்காமல் வந்தவர், கிட்ட வருவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் நின்றார். அவரைக் கண்ட சந்தோஷத்தில் நான் அம்மாவின் சேலையை இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

எதிர்வீட்டு அன்ரிக்குக் கண் கூர்மை.

"பிள்ளை, குழாயடியில நிக்கிறது உம்மட தம்பியெல்லே?"

அம்மா சரியாகவே நின்ற மெழுகுதிரியை இன்னும் நிமிர்த்தினார். "இல்லை அக்கா. அது ஆரோ மீன்காரன்."

"சாமியாருக்குப் படிச்சிட்டு விட்டிட்டு வந்தவரெல்லே, அவர்தான் போல கிடக்கு."

"அவர் இஞ்ச ஏன் வாறார்? இது வேற ஆரோ."

அன்ரி விடுகிற ஆளில்லை. கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "முகமே காட்டிக் குடுக்குதே. மூக்கு அப்பிடியே உம்மட மூக்கு."

"சும்மா இருங்கோ அக்கா! எனக்கு அந்த ஆளைத் தெரியாது."

அம்மா சத்தமாகவே சொல்லிவிட்டார். குழாயடிக்கும் அது கேட்டிருக்கவேண்டும். மாமா பன்பையை மெல்லக் குழாய்க்கட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. மூன்றாம் தரம் சொல்லியாயிற்று. இனி என் முறை. கழுத்தை நீட்டி, தொண்டையை இறுக்கவேண்டிய இடத்தில் இறுக்கி, விடவேண்டிய இடத்தில் விட்டுக் கூவினேன். என் சீவியத்திலேயே அவ்வளவு நன்றாகக் கூவியதில்லை.

இரண்டடி வைத்துவிட்ட மாமா நின்றார். திரும்பினார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். பார்வை சரி, சிரிப்பு எங்கள் நாடகத்தில் இல்லாதது என்று எனக்குத் தோன்றியது.

அம்மா மெழுகுதிரியை அன்ரியின் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குள் போனார். பின்வளவிலிருந்து அழுகை கேட்டது. அண்ணா இதையல்லவா கேட்டுப் பழகவேண்டும் என்று நினைத்தேன். அன்ரி என் காதைத் திருகி, செபம் நடக்கிற இடத்தில் குரங்குச் சேட்டை விடுகிறேன் என்று ஏசினார். நான் அம்மாவின் பாராட்டுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தேன்.

அம்மா கழுவிய முகத்தோடு வெளியே வந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த சுவாமியையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் நடுவால் குழாயடிக்குப் போய், இன்னும் அங்கேயே நின்ற மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து அன்ரியின் முன்னால் நிறுத்தினார்.

"அக்கா, இவன் என்ர தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். அப்பா தன் மெழுகுதிரியை மாமாவிடம் கொடுத்தார். சிலுவைப்பாதை நடந்தது.

முடிந்த பிறகு மாமா தானே பின்வளவில் மீனை வெட்டிக் கழுவி, அம்மாவை அடுப்படிக்கு வரவிடாமல், பொரித்துக் கொண்டுவந்து வைத்தார். அம்மா பிளேட்டைத் தொடாமல் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் திரும்பவும் நிறைந்தது.

"அக்கா, சாப்பிடுங்கோ. ஆறினா நல்லா இராது," என்றார் மாமா. பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "ஈஸ்டர் கழிய எனக்குக் கலியாணம். நீங்கதான் வந்து முன்னுக்கு நிக்கவேணும்," என்றார்.

அம்மா தலையை ஆட்டினார். முதல் துண்டை எடுத்து வாயில் வைத்தார்.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. பாராட்டு வந்தபாடில்லை. அதோடு கதையையும் பிழையாக நடித்துவிட்டார்கள். "இராயப்பர் வெளியில போய் அழுதார், அதோட கதை முடிஞ்சுது. அம்மா ஏன் திரும்பி வந்தவா?" என்று கேட்டேன்.

வசனமே இல்லாத அப்பாதான் பதில் சொன்னார். "கதை அதோட முடியேல்லை, பிள்ளை."

மறுதலிக்கப்பட்ட ஆண்டவரே உயிர்த்தெழுந்து வந்து, கடற்கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு, மறுதலித்தவரைச் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிடுகிற கடைசி அதிகாரத்தை அம்மா எங்களுக்கு இன்னும் வாசித்துக் காட்டியிருக்கவில்லை. மாமா முள் எடுத்துத் தந்த மீனைத் தின்றுகொண்டே, இந்த இடத்தில் சேவலுக்கு ஒரு வேலையும் இல்லையே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.