இரண்டு ரிங்

இப்போது என் வீட்டில் டவர் நன்றாக எடுக்கிறது. சமையலறையில் எடுக்கிறது, பாத்ரூமில் எடுக்கிறது, பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தாலும் எடுக்கிறது. பழைய ஃபோன் கம்பெனிக்கே, பழைய விலைக்கே திரும்பிப் போய்விட்டேன். காலை ஆறரை மணிக்கு ஃபோனை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரும் அடிப்பதில்லை.

அண்ணாவுக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அவன் அடையாறில் தனி, நான் மயிலாப்பூரில் தனி. அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. என் கணவர் போய் ஏழு வருஷம் ஆகிறது; மகள் பெங்களூரில். அண்ணாவுக்கு எழுபது தாண்டியதும், என்னோடு வந்து இருந்துவிடேன் என்று கெஞ்சினேன். அவன் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த ஏற்பாட்டைச் சொன்னான். தினமும் ஆறரைக்கு, காபி குடித்த கையோடு, எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். இரண்டு ரிங், உடனே வைத்துவிடுவான். எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். மணி அடிக்கவில்லையென்றால் நான் கிளம்பிப் போக வேண்டும். அவ்வளவுதான்.

நான் எடுத்துவிடக் கூடாது. ஒருநாள் கைதவறி எடுத்துவிட்டேன். "ஏண்டி எடுத்தே? காசு போயிடும்" என்று கத்தினான். இப்போதெல்லாம் எவ்வளவு பேசினாலும் ஒரே காசுதான் அண்ணா என்றால் நம்பமாட்டான். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று அவனைச் சொல்வோம். நந்தனத்தில் வேலை பார்த்த முப்பது வருஷமும் ஒரே டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்.

என்னைக் கம்பெனி மாறச் சொன்னதும் அவன்தான். ரீசார்ஜ் விலை மறுபடியும் ஏறிய மாதம் அது. "தினம் இவ்வளவு டேட்டா தரான், அவ்வளவு டேட்டா தரான்ங்கறியே, நீ என்ன சினிமாவா பார்த்துண்டிருக்கே? பாதிக் காசுக்கு வேற கம்பெனி தரான். அதே நம்பர். மாத்திக்கோ" என்றான். நானும் ஒன்றும் கர்ணன் பரம்பரை இல்லை. பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவள். மிச்சம் பிடிப்பது எனக்கும் பிடிக்கும்.

மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரீசார்ஜ் கடை இருக்கிறது. ஆதார் அட்டையோடு போனேன். கடைக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டு, புது சிம்மைக் கையில் கொடுத்தார். "டவர் எல்லாம் வருமா?" என்று கேட்டேன்.

"இன்னாம்மா இப்டி கேட்டுக்கினு கீறே? ரோட்ல சூப்பரா கீது. வூட்டுக்குள்ள கொஞ்சம் மக்கர் பண்ணும். வாசாண்ட வந்து பேசு, அவ்ளோதான்" என்றார். காசுக்கேத்த தோசை என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

என்னுடையது தரைத்தளத்தில் பின்கட்டு. சுற்றிலும் நாலு மாடிகள். புது சிம் போட்ட அன்றிலிருந்து வீட்டுக்குள் ஒரு கோடுகூட இல்லை. சமையலறை ஜன்னல் கம்பியில் ஃபோனைப் பால் கவரில் போட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒருநாள் வரும், மூன்று நாள் வராது. மணி அடிக்காத முதல் நாள் வாசலுக்கு ஓடிப் போய் அண்ணாவைக் கூப்பிட்டேன். "நான் அடிச்சேனே! உன் டப்பா கம்பெனிக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றான். நீ மாற்றச் சொன்ன கம்பெனிதானே என்று நானும் சண்டைக்குப் போனேன். இப்படி நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. தினம் கூப்பிட்டு விசாரிப்பதானால் மிஸ்டு கால் எதற்கு என்றான்.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தோம். டவர் இல்லாத நேரத்தில் யாராவது அடித்தால், பின்னால் டவருக்கு வரும்போது, இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்று ஒரு எஸ்எம்எஸ் விழும். தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான் கேட்டுக்கு வெளியே போய் நின்று அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துவிட வேண்டும். "பன்னண்டுக்குள்ள தெரிஞ்சுடும், போறும். ஆறு மணி நேரத்துல நான் ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டேன்" என்றான்.

முதல் மாதம் ஒழுங்காகப் போனேன். இஸ்திரி வண்டிக்காரர்கூட, "பன்னண்டாச்சா மாமி?" என்று சிரிப்பார். இரண்டாவது மாதம் முழங்கால் வலி, வெயில். சில நாள் ஒரு மணிக்குப் போனேன், சில நாள் சாயங்காலம். எப்போது போனாலும் எஸ்எம்எஸ் இருந்தது. இருக்கும் என்று தெரிந்துவிட்டதால், சில நாள் போகவே இல்லை. "பார்த்தியோ?" என்று அண்ணா கேட்டால், "பார்த்தேன்" என்பேன்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் மணி அடிக்கவில்லை. ஃபோனைப் பார்த்தேன், கோடு இல்லை. டவர்தான் என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் வடபழனியில் ஒரு கல்யாணம், கூட வேலை பார்த்தவளின் பெண்ணுக்கு. பட்டுப்புடவையின் ரவிக்கை இறுக்கமாகிவிட்டிருந்ததால் பன்னிரண்டு மணிக்கு நான் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். ஆமாம், அவ்வளவு பெரிய காரியம். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். சாயங்காலம் ஞாபகம் வந்தது. வந்திருக்கும், நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் அடிக்கவில்லை. அவசரமாகக் கிளம்பினேன். ஃபோன் கைப்பைக்குள் இருந்தது. மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து, பெண்ணையும் மாப்பிள்ளையையும் போட்டோ எடுக்கலாமென்று வெளியே எடுத்தேன். நாலு கோடும் முழுசாக இருந்தன. பேங்கிலிருந்து ஒரு செய்தி, கேஸ் சிலிண்டர் புக் ஆன செய்தி, கம்பெனிக்காரனே அனுப்பிய இரண்டு விளம்பரம், மகள் அடித்ததற்கு ஒரு எஸ்எம்எஸ். எல்லாம் இருந்தது. அண்ணாவின் நம்பர் இல்லை. திங்கட்கிழமைக்கும் இல்லை, செவ்வாய்க்கும் இல்லை.

கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். பந்திக்கு வாங்கோ என்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டு வெளியே வந்து ஆட்டோ ஏறினேன். அடையாறு போகும்வரை விடாமல் அடித்துக்கொண்டே போனேன். "யாருக்கும்மா?" என்று ஆட்டோக்காரர் கேட்டார். அண்ணாவுக்கு என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அவர் சைதாப்பேட்டை நெரிசலில் சந்து சந்தாகப் புகுந்து போனார். மாடிவரைக்கும் கூடவே வந்தார். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. "நவுருங்கம்மா" என்று சொல்லி அவர்தான் தோளால் இடித்துத் திறந்தார்.

அண்ணா ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே கிடந்தான். வேஷ்டியெல்லாம் ஈரம். முந்தின நாள் காலையில் காபி கலக்கப் போகும்போது விழுந்திருக்கிறான். இறங்கிய டிகாக்‌ஷன் ஃபில்டரில் அப்படியே இருந்தது. ஃபோன் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது, அவனுக்கு எட்டாத உயரத்தில். நான் ஆட்டோவிலிருந்து அடித்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீரை விரலால் தொட்டு வைத்தேன்.

"நேத்திக்கு நான் அடிக்கலையே," என்றான். "அடிக்கலைன்னா பன்னண்டு மணிக்கு நீ வந்துடுவேன்னு பார்த்துண்டே இருந்தேன். ஏண்டி இவ்வளவு நாழி?"

"டவர் இல்லைண்ணா," என்றேன்.

"உன்னை என்ன சொல்றது? நான்தானே மாத்தச் சொன்னேன்," என்றான்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். பேச முடிந்த முதல் ஐந்து நாளும் நர்ஸிடம், பக்கத்துக் கட்டில்காரரிடம், பெங்களூரிலிருந்து ஓடிவந்த என் மகளிடம், எல்லோரிடமும் அதையே சொன்னான். "இவ மேல தப்பில்லை. நாலு காசு மிச்சம் பிடிக்கறதுக்கு நான்தான் அந்த டப்பா கம்பெனிக்கு மாத்தச் சொன்னேன். என் கஞ்சப் புத்தி என்னையே படுக்க வெச்சுடுத்து." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்ப்பான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் டவர் இருந்தது. நான்தான் போகவில்லை. அதை அவனிடம் சொல்ல எனக்கு ஐந்து நாள் இருந்தது. நான் சொல்லவில்லை. தன் தப்பு என்று நினைத்துக்கொண்டே அண்ணா போய்விட்டான்.