ஜெயவேல் எங்கே போய்வந்தான்

ஜெயவேலுக்கு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் வேலை. ஆரணி கடைத்தெருவுக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன அறை. அங்கே கம்ப்யூட்டரில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவன். திரை முழுக்கப் பொடிப்பொடிக் கட்டங்கள். கட்டத்துக்குக் கட்டம் நிறம் வைத்து மயிலையோ மாங்காயையோ கொண்டுவர வேண்டும். ஒரு கட்டம் தவறினாலும் தறியில் மயிலின் கழுத்து கோணிக்கொள்ளும், முதலாளி ராஜ்குமார் போன் செய்துவிடுவார். பத்து வருஷத்துக்கு மேலாக இதைத்தான் செய்கிறான். நன்றாகச் செய்கிறான் என்று பெயரும் உண்டு.

சாயந்திரம் நாற்காலியிலிருந்து எழும்போது கால்களில் ஒரு குறுகுறுப்பு ஏறும். வலி என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான், டிவி முன்னால் உட்காருவான், உடனே எழுந்துவிடுவான். மொட்டைமாடிக்குப் போய்விட்டு இறங்கி வருவான். மனைவி ராதிகா ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். நோட்டுத் திருத்திக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பாள்.

"இன்னாங்க, சுத்திகினே இருக்கீங்க? எதுனா தேடறீங்களா?"

"ஒன்னுமில்ல. சும்மாதான்."

தேவிகாபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு அவன் தனியாகத் திரும்பிய இரவில்தான் இது ஆரம்பித்தது. ஊரைத் தாண்டியதும் சாலையில் யாருமில்லை. பைக்கின் வெளிச்சம் விழுகிற இடம் மட்டும்தான் உலகம் என்று இருந்தது. வயல் ஓரம் வந்தால் காற்று சில்லிட்டது, கரும்புச் சோகை எரித்த இடத்தில் கதகதப்பாக முகத்தில் மோதியது. எங்கோ பம்ப்செட்டில் தண்ணீர் கொட்டும் சத்தம் வந்து, கூடவே ஓடி, பின்னால் போய்விட்டது. ஆரணி விளக்குகள் தெரிந்தபோது அவனுக்கு வருத்தமாக இருந்தது. வண்டியைத் திருப்பி, வந்த வழியிலேயே ஏரிக்கரை வரை மறுபடி போய்வந்தான். அன்றைக்குக் கால்கள் அடங்கிக் கிடந்தன. படுத்ததும் தூங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. ராதிகாவிடம் என்ன சொல்வது? சும்மா வண்டி ஓட்டப் போகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. "தறியில டிசைன் சரியா விழலையாம், பார்த்துட்டு ஜல்தி வந்துடறேன்" என்று கிளம்பினான். முதல் பொய் சுலபமாக வந்தது. அடுத்தடுத்தவை அதைவிடச் சுலபமாக வந்தன.

ஆபத்து தெரியாதவன் இல்லை. பின்விளக்கே இல்லாமல் நடுரோட்டில் ஊர்ந்துபோகும் கரும்பு டிராக்டர்கள், இருட்டோடு இருட்டாகத் தார்ச்சூட்டுக்குப் படுத்துக் கிடக்கும் மாடுகள், திடீரென்று கணுக்காலுக்குப் பாயும் நாய்கள், கண்ணில் வந்து அடிக்கும் பூச்சிகள். எல்லாவற்றிடமிருந்தும் ஒருமுறையாவது மயிரிழையில் தப்பியிருக்கிறான். தப்பிய பிறகு சாலையோரம் நிறுத்தி, நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கேட்டபடி நிற்பான். இனிமேல் வரக்கூடாது என்று நினைப்பான். இரண்டு நாள் வீட்டில் இருப்பான். மூன்றாம் நாள் கை தானாகச் சாவியைத் தேடும்.

தை மாதக் கடைசியில் அறுவடை முடிந்து, வழியெல்லாம் நெல்லைச் சாலையிலேயே காயப்போட்டிருந்தார்கள். பகலில் அது மஞ்சளாகத் தெரியும். இரவில் குவித்து, கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, வண்டிகள் ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைத்துவிடுவார்கள். அன்று எதிரே வந்த கார் விளக்கைத் தாழ்த்தவேயில்லை. கண் கூசி ஜெயவேல் இடதுபக்கம் ஒதுங்கினான். முன்சக்கரம் கல்லில் ஏறியது. அவன் தூக்கி வீசப்பட்டு நெற்குவியலில் போய் விழுந்தான். வண்டி அவன் வலதுகால்மேல் விழுந்தது. காற்று முகத்தில் படவேண்டும் என்று கழற்றிய ஹெல்மெட், டேங்க்மேலிருந்து உருண்டு பள்ளத்துக்குப் போனது. தலை நெல்லில் விழுந்ததால் உயிர் இருந்தது.

குவியலுக்கு அந்தப்பக்கம் கட்டில் போட்டுக் காவலுக்குப் படுத்திருந்த முனியம்மா எழுந்து ஓடிவந்தாள். நெல் அவளுடையது.

"யாருப்பா அது? கல்லு வச்சிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று முதலில் திட்டினாள். டார்ச் அடித்துக் காலைப் பார்த்ததும் குரல் மாறியது. "அய்யோ, அசையாத. அப்படியே இரு சாமி." தனியாளாக வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். பால் ஏற்றிவந்த ஒரு மினிலாரியை மறித்து, அவனைப் படுக்கவைத்து, தானும் ஏறிக்கொண்டு ஆரணிக்கு வந்தாள்.

ராதிகா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது, புடவையில் உமி ஒட்டியிருந்த முன்பின் தெரியாத ஒருத்தி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் சம்சாரமா? பயப்படாத. காலுதான். எனக்கு அந்த வண்டி சத்தம் நல்லாத் தெரியும்மா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா தேவிகாபுரம் ரோட்டுல அந்தாண்ட போறாரு, அப்புறம் இந்தாண்ட வராரு."

முனியம்மா ஆறுதலாகத்தான் சொன்னாள். ராதிகாவுக்கு அது ஆறுதலாக இல்லை. தேவிகாபுரம் சாலையில் அவனுக்கு எந்தத் தறியும் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

காலில் பிளேட் வைத்தார்கள். அவன் கண்விழித்துத் தெளிந்த பிறகு அவள் கேட்டாள்.

"அங்க யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல ராதிகா."

"அப்புறம் எதுக்குப் போனீங்க?"

"வண்டி ஓட்ட."

"இதைவிட நல்ல பொய்யா ஒன்னு சொல்லுங்க. நான் நம்பிட்டுப் போறேன்."

ராதிகாவின் அண்ணன் சம்பந்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவிகாபுரம் போய், டீக்கடையிலும் கோவில் வாசலிலும் விசாரித்துவிட்டு வந்தார். யாருக்கும் ஜெயவேலைத் தெரியவில்லை. "ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாத அளவுக்கு வச்சிருக்கான்னா, பாத்துக்கோ" என்றார் தங்கையிடம். ஜெயவேல் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். எழுந்து வெளியே போகவும் முடியாது. ராத்திரியில் நல்ல கால் மட்டும் போர்வைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் படுத்திருந்த ராதிகாவுக்கு அது தெரிந்தது. அவளும் தூங்கவில்லை.

ஒருநாள் பள்ளி விட்டதும் அவள் பஸ் ஏறி முனியம்மாவைத் தேடிப்போனாள். முனியம்மா வயலோரம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு எங்க போவாருன்னு உங்களுக்குத் தெரியுமா பெரியம்மா? மறைக்காம சொல்லுங்க."

"எங்க போவாரு? தோ, அந்த ஏரிக்கரைக்குத்தான். காவலுக்குப் படுத்தா அங்க நிக்கற வெளிச்சம் எனக்குத் தெரியும். மொதல்ல திருடன்னு நெனச்சேன். ஒருநாளு தடி எடுத்துகினு கிட்டப் போயே பாத்தேன். வண்டிமேல ஒக்காந்துகினு தண்ணியப் பாத்துகினு இருக்காரு. பீடி சிகரெட்டுகூட இல்ல. கொஞ்சநேரம் ஒக்காந்துட்டுத் திரும்பிப் போயிடுவாரு. அவ்ளோதான்."

"கூட யாருமே இல்லையா?"

"கொசுதான் இருக்கும்."

ராதிகா திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் நிம்மதிக்கு அடியில் வேறு ஒன்று அரித்தது. ஒரு பெண் இருந்திருந்தால் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். இதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவது? தானும் மகளும் இருக்கும் வீட்டில் ஒரு மனுஷனால் உட்கார முடியவில்லை என்றால் அது யார் குறை?

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அவனிடம் கேட்டாள்.

"உன்மேல குறை இல்ல. வீட்டுமேலயும் இல்ல" என்றான். "எனக்கே தெரியல ராதிகா. உள்ள எதுவோ ஓடிகினே இருக்குது. வண்டி ஓடும்போது மட்டும் அது நிக்குது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

அவள் சிரிக்கவில்லை.

கால் தேறிச் சாவியைக் கையில் எடுக்க ஆடி மாதம் ஆகிவிட்டது. தனியாக அனுப்ப ராதிகாவுக்கு மனம் வரவில்லை. மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். ஊர் எல்லை தாண்டியதும் அவன் தோள்கள் இறுகுவதை அவள் கைகள் உணர்ந்தன. சாலையில் நெல் இல்லை, கல்லும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு மரநிழலுக்கும் அவன் பிரேக் பிடித்தான். எதிரே விளக்கு தெரிந்தால் ஓரத்தில் நிறுத்தியே விட்டான். ஒரு லாரி கடந்துபோகும்வரை காலைத் தரையில் ஊன்றியே இருந்தான்.

"திரும்பிடலாமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் இரு."

ஏரிக்கரையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தவளைகள் கத்தின. தூரத்தில் தேவிகாபுரம் மலை வானத்தைவிடக் கறுப்பாக நின்றது. கொசு பிடுங்கித் தின்றது.

"இங்க இன்னா பண்ணுவீங்க?"

"ஒன்னும் பண்ணமாட்டேன்."

அவளுக்குப் பத்து நிமிஷத்தில் சலித்துவிட்டது. எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டாள். "எனக்கு ஒன்னும் பிடிபடலீங்க. ஆனா நம்பறேன்" என்றாள். திரும்பும்போது நீளமான நேர்ச்சாலையில் அவன் கொஞ்சம் வேகம் எடுத்தான். காற்று அவள் காதைச் சுற்றி இரைந்தது. பயம்தான், ஆனால் வேண்டாம் என்று தோன்றவில்லை. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

இப்போதும் ஜெயவேல் போகிறான், வாரத்துக்கு ஒருமுறை, சிலசமயம் இருமுறை. ஹெல்மெட் போடுகிறான். டிசைன், தறி என்று எதுவும் சொல்வதில்லை. "போய்ட்டு வரேன்" என்றால் அவளுக்குத் தெரியும். பழைய சந்தோஷம் அவனுக்கு முழுதாகத் திரும்பவில்லை. இருட்டில் ஒவ்வொரு நிழலிலும் ஒரு கல் இருக்கிறது. ஆனாலும் போகாமலிருக்க முடியவில்லை.

அவன் போனபிறகு ராதிகா நோட்டுகளை மூடிவைத்துவிடுகிறாள். அவன் இருக்கும் இடத்தைப் போனில் பார்க்கிறாள். நகர்ந்தால் பயம், நின்றால் அதைவிடப் பயம். கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்கிறாள். ஒருநாள் அவன் வந்து வண்டியை நிறுத்தியபோது கேட்டின் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"இன்னும் தூங்கலையா?"

"தூக்கம் வரல" என்றாள். பிறகு, அவன் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டே, "அடுத்த வாட்டி வந்தவாசி ரோடு பக்கம் போலாமா? நானும் வரேன்" என்றாள்.