பைக்குள் அடங்கிய தவளை

ரொறன்ரோக் கடையில் போன சனிக்கிழமை என் மச்சான் குகன் தவளையைத் தாவவிடும் ஒரு வீடியோ கேம் வாங்கினான். அதே தவளை விளையாட்டு, சுவரளவு டிவியில் ஓடும் வடிவத்தில், அவன் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது வாங்கியது கையடக்கக் கருவிக்கு. கணினியில் அவன் கணக்கைப் பார்த்த விற்பனைப் பெண், "உங்களிடம்தான் இது இருக்கிறதே?" என்று கேட்டாள். "பொலிஸ் வந்தால் டிவியைத் தூக்கிக்கொண்டு போகலாமா?" என்றான் குகன். அவள் பதறி, "இது திருட்டுப் பிரதி இல்லை, சேர்" என்றாள். நான் சிரித்துச் சிரித்து வாசலுக்கே போய்விட்டேன்.

அவளுக்குக் கொழும்பின் வெள்ளவத்தை தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நானும் குகனும் விசாவுக்காக அங்கே ஒரு லொட்ஜில் காத்திருந்த காலம் அது. எந்த ஆண்டு என்பதில் எங்களுக்குள் இன்னும் சண்டை. நீண்ட மின்வெட்டு இருந்த ஆண்டு என்பது என் கட்சி. அங்கே டிவியில் தவளை விளையாடினோம். கரண்ட் போனால் தவளை செத்தது. தமிழரைத் தேடிப் பொலிஸ் சுற்றிவளைப்பு வந்தால், டிவி லொட்ஜ் அறையில் கிடக்க, நாங்கள் பொலிஸ் நிலையத்தில் கிடந்தோம். லொட்ஜில் எல்லோர் கதவோரமும் ஒரு பை தயாராக இருக்கும்: அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, பல் துலக்கி. கடைசியில் டிவி விளையாட்டைக் கொட்டாஞ்சேனைக் கடையில் கொடுத்து, அதே தவளையைக் கையடக்கமாக வாங்கினோம். படம் கறுப்பு வெள்ளை, திரை தீப்பெட்டியளவு. ஆனால் பைக்குள் அடங்கியது!

அடுத்த சுற்றிவளைப்பு, எங்கள் இருவருக்கும் விசா நேர்முகம் இருந்த நாளுக்கு முதல் நாள் வந்தது. பொலிஸ் நிலையத்து மர வாங்கில் குகன் தவளையோடு குந்தினான். மாலையில் பெயர் கூப்பிட்டார்கள். உடனே எழும்பாதவர் விடியும்வரை உள்ளேதான்.

"குகன், எங்கட பேரடா! எழும்பு!"

"பொறு மச்சான், கடைசிக் கட்டம். இப்ப நிப்பாட்டினா எல்லாம் போச்சு."

"இன்டர்வியூவும் போச்சு, விசரா!"

கான்ஸ்டபிள் வந்து நின்றார். "மொகக்த ஓக?" இது என்ன என்கிறார். குகன் நிமிராமலே, "பொட்டக் இன்ன சேர்" என்றான். பொலிஸ்காரரையே கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறான்! அவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "அந்திம எகத?" கடைசிக் கட்டமா என்று கேட்டார். தன் வீட்டு டிவியிலும் இதே தவளைதானாம். மின்வெட்டினால் ஒருநாளும் இவ்வளவு தூரம் வந்ததில்லையாம். உள்ளேயிருந்து பெரிய அதிகாரி சத்தம் போட, "இதோ கூட்டி வருகிறேன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அவரும் வாங்கில் குந்தினார்.

கடைசிப் பாய்ச்சல். தவளை அந்தரத்தில் நிற்க, பற்றரி செத்தது. "ஐயோ!" இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கத்தினார்கள்.

எங்களை வாசல்வரை அவரே கூட்டி வந்தார். தன் சின்ன ரேடியோவைத் திறந்து, இரண்டு பற்றரிகளைக் குகன் கையில் வைத்தார். மறுநாள் நேர்முகத்துக்கு நேரத்தோடு போனோம்.

நேற்று குகன் வீட்டுக்குப் போனேன். சுவரளவு டிவி அணைந்து கிடந்தது. அதன் முன்னால் இருந்து கையில் தவளையைத் தாவவிட்டுக்கொண்டிருந்தான். கதவோரம் ஒரு பை. உள்ளே கனேடியக் கடவுச்சீட்டு, பல் துலக்கி, புத்தம்புதுப் பற்றரிகள் இரண்டு. அந்தக் கருவியோ சார்ஜில் ஓடுவது; பற்றரி வாங்கிப் போடவே தேவையில்லை.